கொங்கில் இனி யார் ஊர்க்காரர்?

கோயம்புத்தூர்ப் பக்கம் மக்கள் குறைந்துவருகிறார்கள் என்று சொன்னால் காந்திபுரத்தில் சிக்னலுக்குக் காத்து நிற்பவர் நம்பமாட்டார். 2011 கணக்கெடுப்பில் கோவை மாவட்டத்தில் 34.58 லட்சம் பேர், திருப்பூர் மாவட்டத்தில் 24.79 லட்சம் பேர். கோவையில் நான்கில் மூன்று பேர் நகரவாசிகள். அதற்குப் பிறகு எண்ணவே இல்லை. 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு 2027-க்குத் தள்ளிப்போனதால், இன்றைக்கு எத்தனை பேர் என்று யார் சொன்னாலும் அது உத்தேசம்தான். கூட்டம் பெருத்திருக்கிறது என்பதில் மட்டும் சந்தேகமில்லை. ஆனால் அதே திருப்பூரிலிருந்து காங்கயம் சாலையில் போய், ஏதாவது ஒரு கைகாட்டியில் திரும்பி, கிளுவை வேலிகளுக்கு நடுவே மூன்று நான்கு கிலோமீட்டர் உள்ளே போனால் நிலைமை வேறு. பூட்டிக் கிடக்கும் சாளை என்கிற தோட்டத்து வீடு, உழாமல் விட்ட காடு, திண்ணையில் எழுபதைத் தாண்டிய இரண்டு பேர்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் கொங்கு நாட்டு ஊர்களைப் பற்றிப் பேச முடியாது. ஜப்பானின் மலைக் கிராமங்களைப் போல இங்கே ஆளே இல்லாமல் போய்விடவில்லை. ஆள் இருக்கிறது, தினமும் ரயிலில் வந்து இறங்கிக்கொண்டும் இருக்கிறது. ஊர் என்று நாம் எதைச் சொல்லிவந்தோமோ அதற்குள் அந்த ஆட்கள் சேர்த்தியில்லை. இந்தக் கட்டுரையின் வாதம் இவ்வளவுதான்.

முதலில் எண்கள். ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 பிள்ளை இருந்தால்தான் ஒரு தலைமுறை தன் இடத்தில் இன்னொன்றை வைத்துவிட்டுப் போகும். தமிழ்நாட்டில் 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி அது 1.4; 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி 1.8. எந்தக் கணக்கை எடுத்தாலும் பள்ளத்தில்தான் இருக்கிறோம். அறுபது வயதுக்கு மேற்பட்டோர் 2011-இல் நூற்றுக்குப் பத்துப் பேர். 2021-இல் 13.6 என்று மதிப்பிட்டார்கள், 2031-இல் 18.2 ஆகும் என்கிறார்கள். இந்தியாவில் நமக்கு முன்னால் நிற்பது கேரளம் மட்டுமே.

2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு கூடுதலாகப் பிள்ளை பெற்றுக்கொள்ளச் சொன்னார். அதையொட்டி அப்போது தமிழக முதல்வராக இருந்த ஸ்டாலினும் ஒரு திருமண விழாவில் பதினாறு பேற்றை நினைவுபடுத்திப் பேசினார். ஸ்டாலின் பேச்சின் கவலை மக்களவைத் தொகுதிகளின் எண்ணிக்கை. அது நியாயமான கவலையே. ஆனால் இன்று பிறக்கிற குழந்தை மண்வெட்டி பிடிக்கவோ, பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவோ இருபது வருஷம் ஆகும். வெள்ளகோவிலிலும் மூலனூரிலும் இப்போது தனியாக இருப்பவர்களுக்கு அந்தப் பிள்ளைகள் உதவப்போவதில்லை.

கொங்கில் இந்தச் சரிவு மாநிலத்தின் பிற பகுதிகளைவிட முன்னதாகவே தொடங்கியது. காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம், கிணற்றைப் பார்த்தாலே போதும். ஆறு பாயாத மேட்டு நிலத்தில் கிணறு வெட்டி உண்டாக்கிய தோட்டங்கள் இவை. ஐந்து ஏக்கர் தோட்டம் மூன்று பிள்ளைகளுக்குப் பிரிந்தால் நிலம் மட்டும் பிரிவதில்லை. கிணற்றுப் பாத்தியம் பிரியும், மோட்டார் ஓட்டும் முறை பிரியும், ஆளுக்கு வாரத்தில் இரண்டு நாள் தண்ணீர் என்று ஆகும், அடுத்த தலைமுறையில் அது வழக்காகும். ஒன்றோ இரண்டோ போதும் என்று அப்பாரு காலத்திலேயே முடிவெடுத்தார்கள். பெற்ற ஒன்றை நாமக்கல்லிலோ ராசிபுரத்திலோ விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். பிறகு பெருந்துறையிலோ கோவையிலோ இன்ஜினியரிங், பிறகு பெங்களூரு, பிறகு டல்லாஸ். யாரும் ஊரை விட்டு விரட்டப்படவில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வட இந்தியா முழுக்கப் போய்ப் போர் போட்டதும், சோமனூர்க்காரர் தறி போட்டதும், திருப்பூர் பனியன் கடல் கடந்ததும் தோட்டத்துக் காசில் தொடங்கிய கதைகள்தான். குடும்பங்கள் போட்ட திட்டம் அப்படியே பலித்தது. பலித்ததன் விளைவுதான் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது.

அந்தத் திட்டத்தின் இருண்ட பக்கம் பெண்பிள்ளை. 2001 கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகளே இருந்தார்கள். நாமக்கல்லிலும் தொள்ளாயிரத்தை எட்டவில்லை. பெண் சிசுக் கொலையைத் தடுக்க 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில் தொடங்கப்பட்டதற்குக் காரணம் இருந்தது. அன்று பிறக்காமல் போன பெண்கள்தான் இன்று கிடைக்காத மணப்பெண்கள். முப்பத்தைந்தைத் தாண்டியும் பெண் தேடி அலையும் கவுண்டர் மாப்பிள்ளையை மையமாக வைத்துப் பெருமாள்முருகன் ‘கங்கணம்’ எழுதினார். நாவல் வந்த பிறகு நிலைமை மோசமாகத்தான் ஆகியிருக்கிறது. தோட்டம் பார்க்கும் மாப்பிள்ளை என்றால் ஜாதகமே வாங்க மாட்டேன் என்கிறார்கள் பெண் வீட்டார். தரகர்கள் வழியாகப் பாலக்காட்டுப் பக்கமிருந்து பெண் எடுத்த குடும்பங்கள் இன்று கொங்கில் ஏராளம். சாதிக்குள்தான் சம்பந்தம் என்று வாள் வீசுகிற இடத்தில், மொழி தாண்டி, சாதி தாண்டி மருமகள் வந்துவிட்டாள், யாரும் அதைப் பற்றிச் சத்தமாகப் பேசுவதில்லை. இது பின்னால் உதவும் செய்தி.

உண்மையிலேயே ஆள் குறைந்த இடமும் இந்தப் பக்கம் உண்டு. மலை மேலே போக வேண்டும். நீலகிரி மாவட்டத்தில் 2001-இல் 7.62 லட்சம் பேர் இருந்தார்கள், 2011-இல் 7.35 லட்சம். தமிழ்நாட்டில் அந்தப் பத்தாண்டில் தேய்ந்த மாவட்டம் அது ஒன்றே. கோவை மாவட்டத்துக்குள்ளேயே வால்பாறை நகராட்சி ஏறக்குறைய 95 ஆயிரத்திலிருந்து 71 ஆயிரத்துக்கு இறங்கியது. தேயிலைக் கூலியில் பிள்ளைகளைப் படிக்கவைத்த பெற்றோர், அவர்களைத் திருப்பூருக்கும் கோவைக்கும் அனுப்பினார்கள். பிறகு தாங்களும் இறங்கினார்கள், ஏனென்றால் லைன் வீடு எஸ்டேட்டின் சொத்து. வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். நாற்பது வருஷம் கொழுந்து பறித்தவருக்கு அந்த ஊரில் செத்துப்போகக்கூட ஒரு கூரை கிடையாது. சமவெளியில் இளையவர்கள் போய் முதியவர்கள் தங்கினார்கள். மலையில் முதியவர்களும் போனார்கள். காலியான லைன்களில் ஜார்க்கண்ட், அசாம் குடும்பங்கள் குடியேறியிருக்கின்றன. 2024-இல் திருநெல்வேலி மாவட்டத்து மாஞ்சோலையில் எஸ்டேட் மூடப்பட்டபோது தலைமுறைகளாக இருந்தவர்கள் பெட்டியைக் கட்டவேண்டி வந்தது. வீடு வேலையோடு கட்டப்பட்டிருக்கும்வரை எந்த எஸ்டேட்டிலும் ஊர் உண்டாகாது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

ஆனாலும் வால்பாறையில் நடந்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் விட முடியாது. யானை நடமாட்டத்தை ஆராய்ந்துவந்த ஆனந்தகுமாரும் நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் குழுவும், யானை எங்கே நிற்கிறது என்ற தகவலைக் குறுஞ்செய்தியாகத் தொழிலாளர்களின் கைபேசிக்கு அனுப்பத் தொடங்கினார்கள். பாதை திரும்பும் இடங்களில் சிவப்பு விளக்குகளை நட்டார்கள். பக்கத்தில் யானை நின்றால் அந்தந்தப் பகுதி ஆட்களே கைபேசியால் விளக்கை எரியவிடுவார்கள். வேலை முடிந்து இருட்டில் நடந்து வருகிறவர் தூரத்திலிருந்தே பார்த்து நின்றுகொள்வார். இந்தப் பணிக்காக 2015-இல் ஆனந்தகுமாருக்கு விட்லி விருது கிடைத்தது. மெல்லிய ஜனத்தொகை, சிதறிய வீடுகள், பல மொழி பேசுவோர் என்று மூன்றும் சேர்ந்த இடத்தில் ஒருவர் இன்னொருவரைக் காப்பது எப்படி என்பதை அந்தச் சின்ன ஏற்பாடு செய்து காட்டியது.

சமவெளிக்கு இறங்குவோம். கொங்கில் குடியிருப்பு எப்போதுமே சிதறியதுதான். தஞ்சாவூரைப் போலத் தெருத்தெருவாக நெருக்கி வீடு கட்டுவதில்லை. அவரவர் தோட்டத்துக்குள் சாளை. பக்கத்துச் சாளைக்குக் கூப்பிடு தூரம். முன்பு அந்தக் கூப்பிடு தூரத்துக்குள் பண்ணையாட்கள், ஆடு மேய்க்கும் பையன், கறவை, காவல் நாய் எல்லாம் இருந்தன. இன்று வயதான இருவரும் ஒரு கேமராவும்தான். மகன் வெளிநாட்டிலிருந்து கைபேசியில் வாசலைப் பார்க்கிறான். மோட்டாரைக்கூட மொபைல் ஸ்டார்ட்டரில் ஓட்டலாம். 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டன்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் வயதான தம்பதியும் அன்று வீட்டிலிருந்த மகனும் கொல்லப்பட்டார்கள். 2025 மே மாதத் தொடக்கத்தில் சிவகிரி அருகே இன்னொரு முதிய தம்பதி கொல்லப்பட்டது தெரியவந்தது. அதன்பிறகு காவல்துறை தனி வீடுகளில் இருக்கும் முதியோரைப் பட்டியல் எடுத்தது, ரோந்தைக் கூட்டியது. கேமரா விற்பனை சூடுபிடித்தது. கேமரா திருடனைப் படம் பிடிக்கும், கூப்பிட்டால் ஓடிவராது.

ஆள் குறைந்ததைப் பயிரிலேயே படிக்கலாம். மஞ்சளும் பருத்தியும் கேட்கிற கையாட்களைத் தென்னை கேட்பதில்லை. ஆகவே பொள்ளாச்சியைத் தாண்டியும் தென்னை பரவியது. வெள்ளை ஈயும் வாடல் நோயும் வந்தபோது, மாற்றுப் பயிருக்குப் போகிற வயதில் உரிமையாளர்கள் இல்லை. காங்கயம் பக்கத்துக் கொரங்காடு மேய்ச்சல் நிலங்கள் குறைந்த ஆளை வைத்துப் பராமரிக்கிற பழைய அறிவு. கொழுக்கட்டைப் புல், வெள்வேல மரம், கிளுவை வேலி, காங்கயம் மாடு. அந்த மாடே குறைந்துவிட்டது. ‘வனத்துக்குள் திருப்பூர்’ அமைப்பு 2015 முதல் பெருவாரியாக மரம் நட முடிந்ததற்கு அவர்களின் உழைப்போடு இதுவும் ஒரு காரணம்: நடுவதற்குத் தோதாக, உழாத நிலம் நிறையக் கிடந்தது. அறுபது ஆண்டுக்கு மேல் கேட்டுக் கேட்டுக் கிடைத்த அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17-இல் தொடங்கிவைக்கப்பட்டு, 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானித் தண்ணீர் என்று ஆனது. அதற்காகப் போராடியவர்களில் பலர் குளம் நிறைவதைப் பார்க்க இல்லை. இருப்பவர்களில் பலருக்குப் பண்ணையம் பார்க்க உடம்பு இல்லை.

இன்றும் உயிரோடிருக்கும் ஒரு பொது இடம் பால் சொசைட்டி. காலை ஐந்தரை மணிக்கு அதன் வாசலில் போய் நின்றால் ஊர் முகங்களைப் பார்க்கலாம். போசியிலும் கேனிலும் பால் வருகிறது, எடுத்த மாதிரியில் டிகிரி பார்க்கிறார்கள், ஊற்றுகிறார்கள், ரசீது கிழிகிறது. எல்லாம் சேர்த்து ஆளுக்கு இரண்டு நிமிடம். ஆனால் அரை மணி நேரம் நிற்கிறார்கள். “ஏனுங், மேக்காட்டு அண்ணனக் காணமே ரெண்டு நாளா?” என்று யாரோ கேட்கிறார்கள். ஒருவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்ப் பார்த்து வருகிறார். எந்த அரசுத் திட்டத்திலும் எழுதப்படாத முதியோர் பராமரிப்பு இது, பத்துப் பைசா செலவில்லாமல் நடந்துவந்தது. மூட்டு தேய்ந்து, குனிந்து கறக்க முடியாமல் கடைசி மாட்டை விற்ற மறுநாளிலிருந்து அந்த மனிதர் சொசைட்டிக்கு வருவதில்லை. தேடுவாரும் இல்லை. தனியார் பால் வண்டி வாசலுக்கே வந்து எடுத்துக்கொள்ளும் இடங்களில் மாடு இருந்தும் இதே கதிதான்.

2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் முதியவர்களுக்கு ரேஷன் பொருள் வீடு தேடி வருகிறது. நல்ல திட்டம். தூக்கிச் சுமக்க முடியாதவருக்கு அதன் அருமை தெரியும். ஆனால் ரேஷன் கடை வரிசையில் நின்று பேசுகிற அந்த ஒரு நாளும் கூடவே போய்விடுகிறது என்பதையும் யாராவது யோசித்திருக்கலாம். 2021-இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்குக் கொண்டுவருகிறது. என் கணிப்பில் கொங்கு முதியோருக்கு இந்தக் காலத்தில் கிடைத்த பெரிய உதவி அதுதான், மாத்திரைக்காக மட்டுமல்ல, கொண்டுவருகிற பெண் ஊர்ப் பெண் என்பதற்காகவும். 2025 நவம்பரில் தொடங்கிய ‘அன்புச்சோலை’ பகல்நேர மையங்கள் மாநிலம் முழுவதற்கும் 25. கூடிப் பேச இடம் என்கிற எண்ணம் சரியானது, தோட்டத்துச் சாளையிலிருந்து அங்கே போகத்தான் பஸ் கிடையாது.

காசுள்ளவர்கள் வேறு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். கோவையைச் சுற்றி முதியோருக்கென்றே கட்டிய குடியிருப்புகள் இந்தியாவிலேயே பெயர் பெற்றவை. சமையல், நர்ஸ், நடைபாதை, பஜனை எல்லாம் உண்டு. அவற்றைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தோட்டத்தை விற்காமல் மாதக் கட்டணம் கட்ட முடிகிறவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

இனி, ‘ஆள் கிடைக்கவில்லை’ என்ற புலம்பலுக்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது. ஜூடித் ஹேயர் 1981-82-இல் தொடங்கிக் கோவைப் பகுதிக் கிராமங்களை விட்டு விட்டுப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தவர். தோட்டங்களில் பண்ணையாளாகக் கட்டுண்டிருந்த மாதாரி (அருந்ததியர்) குடும்பங்கள் மில்லுக்கும் பனியன் கம்பெனிக்கும் போக வழி கிடைத்ததும் வெளியேறியதை அவர் பதிவு செய்திருக்கிறார். தோட்டக்காரருக்கு ஊர் அழிந்த காலம் அவர்களுக்கு மூச்சு விட்ட காலம். ரேஷனும் நூறு நாள் வேலையும் இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தன. ஆனால் காலனி காலனியாகவே இருக்கிறது, கோயில் வாசலும் சுடுகாட்டுப் பாதையும் இன்னும் வெவ்வேறு. அந்தக் காலத்து ஊரைப் பற்றி ஏங்கி எழுதுகிறவர்கள், அது யாருக்கு ஊராக இருந்தது என்பதையும் ஒரு வரி எழுத வேண்டும்.

மாதாரிகள் விட்டுப்போன இடத்துக்கு வந்தவர்கள் பீகாரிகள், ஒடியாக்காரர்கள், வங்காளிகள். நாமக்கல் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குவது, பல்லடத்தில் தறி ஓட்டுவது, பொள்ளாச்சியில் தேங்காய் உரிப்பது அவர்கள். 2023 மார்ச்சில் அவர்கள் தாக்கப்படுவதாக ஒரு புரளி கிளம்பியபோது பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு திருப்பூருக்கே வந்து பார்த்தது. அந்த வாரத்தில் கம்பெனிகளும் பண்ணைகளும் பட்ட பதற்றம், இவர்கள் இல்லாமல் கொங்கு ஒரு நாள் நகராது என்பதை ஒப்புக்கொள்ளவைத்தது. ஒப்புக்கொண்டு என்ன செய்தோம்? தோட்டத்து மூலையில் தகரக் கொட்டகை. பத்து வருஷமாக இருப்பவரையும் ‘இந்திக்காரன்’ என்றுதான் கூப்பிடுகிறோம், பெயர் தெரியாது. அந்தக் கொட்டகையில் பிறந்த பிள்ளைகள் நம் ஒன்றியப் பள்ளிகளில் தமிழ் எழுதுகிறார்கள். 2025-26-இல் மாணவர் சேர்க்கையே இல்லாமல் தமிழ்நாட்டில் இருநூறுக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள் செயல்படாமல் போயின. பிறப்பு குறைந்ததும் ஒரு காரணம் என்று கல்வித் துறையே சொன்னது. இந்த நிலையில் சில ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளைத் திறந்து வைத்திருப்பதே வெளிமாநிலப் பிள்ளைகள்தான்.

ஊர் மீட்பு என்ற பெயரில் இப்போது கொங்கில் நடப்பது பெரும்பாலும் கோயில் திருப்பணி. குலதெய்வக் கோயில்களுக்குக் கோடிக்கணக்கில் சேர்கிறது. டாலரில் வருகிறது. கும்பாபிஷேகத்தன்று ஐந்தாயிரம் பேர் பந்தியில் உட்கார்கிறார்கள், மறுநாள் பூசாரியும் நாயும் மிச்சம். வெளியூரில் இருந்தாலும் விட்டுப்போகாத இந்தப் பற்று சாதாரணமானதல்ல. ஜப்பானில் இதற்கென்றே 2008-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள்: நகரத்தில் வேலை பார்ப்பவர் தம் வரியில் ஒரு பங்கைச் சொந்த ஊருக்கோ பிடித்த ஊருக்கோ கொடுக்கலாம். அந்தப் பணம் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறது. நம்மிடம் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது, மூன்றில் ஒரு பங்கு மக்கள் கொடுத்தால் மீதியை அரசு தரும். கோபுரத்துக்குக் கொடுப்பவர் துணை சுகாதார நிலையத்துக்கும் கொடுக்கலாம். கேட்க வேண்டிய முறையில் யாரும் கேட்கவில்லை என்றே நினைக்கிறேன்.

வள்ளிக் கும்மியை அப்படி ஒதுக்க மாட்டேன். மாலையானால் ஊர்ப் பொதுவில் விளக்கைப் போட்டு, ஆசிரியர் பாட்டெடுக்க, ஆறு வயதுச் சிறுமியும் அறுபது வயது அம்மாயியும் ஒரே வட்டத்தில் அடி வைக்கிறார்கள். அரங்கேற்றத்துக்கு மாதக்கணக்கில் பயிற்சி நடக்கிறது. இத்தனை நாள் டிவி முன்னால் தனித்தனியாக இருந்தவர்களைத் தினமும் வெளியே வரவழைத்த வேறு ஏற்பாடு கொங்கில் சமீபத்தில் எதுவும் இல்லை. அதே மேடையில்தான் பெண்பிள்ளைகளிடம் சாதிக்குள்ளேயே கல்யாணம் செய்வேன் என்று சத்தியம் வாங்குகிறார்கள். அந்தக் காணொளிகள் ஊரெங்கும் சுற்றின. 2015-இல் கோகுல்ராஜ், 2016-இல் உடுமலை சங்கர் என்று சாதி ஆணவக் கொலைகளில் ரத்தம் சிந்திய மண்ணில் அது வெறும் சடங்கல்ல. பாலக்காட்டு மருமகளுக்கு இடம் இருக்கிற ஊரில், பக்கத்துக் காலனிப் பையனுக்கு இல்லை.

பஞ்சாயத்து என்ன செய்ய முடியும் என்பதற்கு மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை பழைய உதாரணம். சண்முகம் தலைவராக இருந்தபோது 2006-இல் ஊராட்சி 1.55 கோடி ரூபாயில், பெரும்பகுதி வங்கிக் கடனில், 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. தன் தேவைக்குப் போக மீதி மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றது. வீடில்லாதவர்களுக்கு வீடு கட்டிக்கொடுத்ததால் அங்கே ஆள் வந்து சேர்ந்தது, போகவில்லை. சொந்த வருமானமும் குடியேற இடமும் கொடுத்தால் ஊராட்சி வளரும் என்பதை அது காட்டியது. ஆனால் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்து, கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் ஊராட்சிகளெல்லாம் தனி அலுவலர்களின் கைக்குப் போயின. அவர்கள் கோப்பு பார்ப்பார்கள். பால் சொசைட்டியில் யாரைக் காணோம் என்று அவர்களுக்குத் தெரியாது.

ஜப்பானின் கமிகட்சு என்ற மலை ஊரில் 1986-இல், வயதான பெண்கள் மேப்பிள் முதலிய இலைகளைப் பறித்து உணவகங்களுக்குத் தட்டு அலங்காரமாக விற்கத் தொடங்கினார்கள். எண்பது வயதுப் பாட்டிகள் கணினியில் ஆர்டர் பார்க்கிறார்கள். உலகமே போய்ப் பார்க்கிறது. அப்படியும் அந்த ஊரின் மக்கள்தொகை இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது, இன்று 1,500 பேருக்கும் குறைவு. ஜப்பானிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இலை வியாபாரம் அல்ல. வெளியாட்களை உள்ளே சேர்க்கத் தாமதித்தால் அத்தனை புத்திசாலித்தனத்துக்குப் பிறகும் என்ன ஆகும் என்பதுதான். நமக்கு அந்த ஆள் பஞ்சம் இல்லை. வால்பாறை விளக்கை எரியவிடுகிற கைகளில் ஜார்க்கண்ட் கைகளும் இருக்க முடியுமென்றால், தோட்டத்துச் சாளைக்குக் காவலும் அக்கம்பக்கமும் அதே கொட்டகைக் குடும்பமாக இருக்க முடியும். அதற்குத் தகரம் போய் ஓடு வர வேண்டும், நிலையான வாடகை ஒப்பந்தம் வேண்டும், பெயர் தெரிய வேண்டும்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி அந்த ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள்தான் அதன் உறுப்பினர்கள். டல்லாஸில் இருக்கிற மகனின் பெயர் இன்னும் பட்டியலில் இருக்கலாம், தறி ஓட்டுகிற ஒடியாக்காரரின் பெயர் இல்லை. ஊரில் தெருவிளக்கு எரியவில்லை என்று எழுந்து சொல்ல, அந்தத் தெருவில் இரவு நடக்கிறவருக்கு உரிமை கிடையாது. அடுத்த உள்ளாட்சித் தேர்தலுக்கு முன்பாகவாவது, குறைந்தபட்சம் கூட்டத்தில் உட்காரவும் பேசவும் அவர்களை அழைக்கலாம். அதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை, ஊர்ப் பெரியவர்கள் இன்னும் நான்கு நாற்காலி போட்டால் நடக்கும்.